நிறம் மாறாமை நடுமையாகுமா?

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் அது செக்கச் சிவந்து ஆரத்தியாகிறது. தமிழர் இல்லங்களில் மங்கல வழக்காக விளங்கும் இம்மாற்றம் ஓர் அறிவியல் சோதனையுமாகும். சுண்ணாம்பு காரம், மஞ்சள் அக்காரத்தைப் புலப்படுத்தும் நிறங்காட்டி. செடிகொடிகளின் இப்பண்பை மேனாட்டு அறிஞரும் ஆராய்ந்தனர். இராபர்ட் பாயில் 1664ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், வயலட் மலரின் பாகு அமிலத்தாற் சிவப்பதையும் காரத்தாற் பச்சையாவதையும் விளக்கினார்.

அதே மஞ்சள் நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் என்ன நிகழும்? மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். தூய நீரை ஊற்றினாலும் அவ்வாறே. ஃபினால்ஃப்தலீன் என்னும் நிறங்காட்டியும் இத்தகையதே. காரத்தில் இளஞ்சிவப்பாகும் அது, எலுமிச்சைச் சாற்றிலும் தூய நீரிலும் நிறமற்றே நிற்கும். ஆகவே, நிறம் மாறாமையைக் கொண்டு ஒரு பொருளுக்குப் புளிப்போ காரமோ இல்லையென முடிவு கட்டுவது பிழையாகும். அக்கருவியின் எல்லை அவ்வளவே.

நடுமையை அறியப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் எனப்படும் பூஞ்சுத் தாள்கள் இரண்டு வேண்டப்படுகின்றன. உப்பு நீரில் சிவப்புத் தாள் மாறாதிருப்பது, அங்குக் காரம் இல்லை என்பதை மட்டுமே உணர்த்தும். நீலத் தாளும் மாறாதிருந்தால்தான் அமிலமும் இல்லையெனத் தெளியலாம். இரு புறமும் வினவிய பின்னரே 'நடுமை' என்னும் தீர்ப்பு வழங்கப்படுகிறது.

மனிதரை அளக்கும்போதோ இப்பொறுமை அரிதாகிவிடுகிறது. எழுத்துத் தேர்வு ஒன்றில் ஒளிராத மாணவன் 'ஒன்றும் அறியாதவன்' எனப் பெயர் பெறுகிறான். அவனிடம் ஓவியத் திறனோ, பிறர் துயர் கண்டு உருகும் நெஞ்சமோ இருக்கலாம். அவற்றைக் காட்டும் தாள் அவன்முன் நீட்டப்படவில்லை. இருவர் பூசலில் உரக்க முறையிட்டவன் சொல்லே வழக்காகி, வாய் திறவாதவன் குற்றவாளியாவதும் உண்டு.

நாற்பது பிள்ளைகள் அமர்ந்துள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் பல வகையாற் சோதிக்க இயலுமா என்று ஆசிரியர் வினவலாம். இயலாதுதான். எனினும், சோதிக்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறாதிருக்க எவராலும் இயலும். அந்த அடக்கமே நடுவுநிலைமையின் முதற்படி. வள்ளுவர் அவ்வறத்துக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். அதன் தட்டுகள் இரண்டு. ஒரு தட்டை மட்டும் நோக்கி எடை கூறுவார் இலர்.