வாயில்லா உயிரும் அறியாமையின் பொறுப்பும்

எங்கள் பங்கு இல்லத்தில் ஒரு கடுவன் பூனை இருந்தது. ஒரு நாள் காலை அது முற்றத்து மணலில் குந்தி முக்கிக்கொண்டிருந்தது. எழுந்து சென்று, சிறிது நேரத்தில் மீண்டும் அங்கேயே வந்து குந்தியது. மலச்சிக்கலாக இருக்கும் என்று எண்ணி என் அலுவலைப் பார்க்கப் போய்விட்டேன். மாலையில் அறையின் மூலையில் குந்தி அது கத்தியபோது, அசுத்தம் செய்கிறதென்று சினந்து விரட்டினேன். மறுநாள் வாந்தியெடுத்தது. மூன்றாம் நாள் விடியுமுன் இறந்து கிடந்தது.

பின்னர் ஒரு கால்நடை மருத்துவர் காரணத்தை விளக்கினார். ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் அதை அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாது. குருதியில் பொட்டாசியம் பெருகி இதயம் தடுமாறி நின்றுவிடும். முதல் நாளே கொண்டுவந்திருந்தால் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்க முயன்றிருக்கலாம் என்றார்.

'எனக்குத் தெரியாதே' என்று மனச்சான்றுக்கு விடை சொல்லிப் பார்த்தேன். ஆனால் குருமடத்தில் பயின்ற அறநெறி இறையியல் என்னை எளிதில் விடவில்லை. அறியாமை இருவகை. எவ்வளவு முயன்றும் நீக்க இயலாதது ஒன்று, அதற்குக் குற்றமில்லை. சிறிது முயன்றால் நீங்கிவிடக் கூடியது மற்றொன்று. அதற்கு நாம் பொறுப்பாளிகள். அன்று காலை எனக்கிருந்த அறியாமையைப் பொறுக்கலாம். மாலையில் அது கத்தியபோது யாரிடமும் கேளாமல் விரட்டினேனே, அதைப் பொறுக்க வழியில்லை. ஏன் கேட்கத் தோன்றவில்லை? அது வெறும் பூனைதானே என்ற எண்ணம்.

மனிதன் தன் நோவைச் சொல்லுவான், விலங்கு சொல்லாது. அதிலும் பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. உண்ணாமை, வழக்கத்தை மீறிய நீர்வேட்கை, பதுங்கி ஒதுங்குதல், உடலை நக்கித் தூய்மை செய்யாமல் விடுதல் ஆகியவையே அதன் முறையீடு. நாயின் உதட்டைத் தூக்கி, கருமை படராத இடத்தில் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருப்பது நலம். வெளிறியிருந்தால் குருதிச்சோகை, உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் அதற்கு ஒரு முக்கிய காரணம். மஞ்சள் நிறம் கல்லீரல் கோளாறாகவோ, மனிதருக்கும் தொற்றும் எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். குட்டி நாய் ஓயாது வாந்தியெடுத்து, குருதி கலந்து கழிந்து சோர்ந்தால், பார்வோ நோய் என்று ஐயுற்று அன்றே மருத்துவரை நாட வேண்டும். பிறந்து 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை போடப்படும் தடுப்பூசி அந்நோயிலிருந்து காக்கும்.

அன்பு மட்டும் போதாதா? போதாது. காய்ச்சலென்று கருதிப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுப்பவரும் அன்பினால்தான் கொடுக்கிறார். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதிய அளவு இல்லை. நாம் விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடக்கூடும். நாய்க்கான உண்ணி மருந்துகளுள் பெர்மெத்ரின் கலந்தவையும் பூனைக்கு நஞ்சே. அறிந்துகொள்ள முயல்வதும் அன்பின் ஒரு பகுதி.

மனிதர் பசித்திருக்க விலங்குக்கு மருத்துவமா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டையும் சொல்கிறது: தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது, மனிதத் துயரைப் போக்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது. இதை நான் ஏற்கிறேன். ஆனால் அன்று நான் அந்தப் பூனைக்குத் தர மறுத்தது பணத்தை அன்று. ஈறைப் பார்க்கவும், உண்ணியைப் பிடுங்கவும், தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் செலவு ஏது?

மேலும், இவ்விரு கடமைகளும் பல வேளைகளில் ஒன்றாகிவிடுகின்றன. நாய்க்குத் தவறாமல் போடும் வெறிநோய்த் தடுப்பூசி அத்தெருவில் விளையாடும் குழந்தையையும் காக்கிறது. நாய் கடித்தால் காயத்தை 15 நிமிடம் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது. இயல்பு திடீரென மாறி, எச்சில் வடித்து, விழுங்க இயலாமல் தவிக்கும் நாயை நெருங்கலாகாது. இதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் நம் கடமை.

லூக்கா நற்செய்தியில் வரும் செல்வன் இலாசரை அடித்ததாக எங்கும் சொல்லப்படவில்லை. தன் வாயிலில் கிடந்தவனைக் கண்டும் காணாதவனாய் வாழ்ந்தான். அதுவே அவன் குற்றம். அந்த ஏழையின் புண்ணருகே வந்தவை நாய்கள்தாம். இந்தப் பகுதியை வாசிக்கும் போதெல்லாம் மூலையில் குந்தியிருந்த அந்தப் பூனை நினைவுக்கு வருகிறது.

இப்பொழுது முற்றத்தில் வேறொரு பூனை திரிகிறது. காலையில் அது மணலைத் தோண்டும்போது, அது மண்ணை மூடிவிட்டுப் போகும்வரை நான் சற்று நின்று பார்க்கிறேன்.