ஊர் சுற்றும் உரிமை

கோயிலைச் சுற்றினால் புண்ணியம். ஊரைச் சுற்றினால் பழி! சுற்றுகிற கால்கள் அவையேதாம்; பெயர்தான் வேறு. முன்னது 'வலம் வருதல்', பின்னது 'ஊர் சுற்றல்'. முழுநிலவு நாளன்று திருவண்ணாமலைக்குச் சென்று பாருங்கள். மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டரைக் கணவனும் மனைவியுமாக ஆயிரமாயிரம் பேர் இரவெல்லாம் நடந்து முடிக்கிறார்கள். எந்த மாமியாரும் முகம் சுளிப்பதில்லை. அதே கணவனும் மனைவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடவுளைத் துணைக்கு அழைக்காமல், தாம் வாழும் ஊரைப் பார்த்து வரலாம் என்று புறப்படட்டும், "இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆடவனை 'ஊர் சுற்றி' என்றால் வேலையற்றவன் என்று பொருள். பெண்ணை அவ்வாறு சொன்னால் என்ன பொருள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அகராதியைவிடத் தெருத் திண்ணைகள் அதை நன்கு அறியும்.

இணைந்து வாழும் இருவர் வாரத்தில் ஒரு நாள் தம் ஊரையும் சுற்றுப்புறத்தையும் காணப் புறப்படுவது வீண் பொழுதுபோக்கா, வாழ்வின் அறங்களுள் ஒன்றா? வேலூரில் வாழும் எங்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. நானும் என் வாழ்க்கைத் துணைவரும் ஞாயிறுதோறும் புறப்பட்டுவிடுகிறோம். திங்கட்கிழமை காலையில் என்னைக் காண்பவர்கள், "இந்த வாரம் வீட்டுக்காரர் எங்கே கூட்டிக்கொண்டு போனார்?" என்று கேட்கிறார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள். ஆயினும் அந்த வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். போனவர் அவர், நான் கொண்டுபோகப்பட்டவள் - கையில் எடுத்துச் சென்ற பையைப் போல! அவரிடம் யாரும், "மனைவி உங்களை எங்கே கூட்டிக்கொண்டு போனார்?" என்று கேட்டதில்லை. "எங்கே போனீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். தமிழில் 'போனோம்' என்று அழகான ஒரு சொல் உண்டு. இருவரையும் ஒரே வினைக்குள் சமமாக வைக்கும் சொல். அதை ஏனோ நம் வீடுகள் பயன்படுத்தக் கூசுகின்றன.

சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-இல் அண்ணாவின் ஆட்சி சட்டம் இயற்றியது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சட்டம் புரோகிதரை நீக்கியது. அரசு சீட்டுக் காசை நீக்கியது. "யாரைக் கேட்டுக்கொண்டு போனாய்?" என்ற கேள்வியை நீக்க எந்தக் கோட்டையிலிருந்து அரசாணை வரும்?

கோட்டை என்றதும் எங்கள் ஊரைப் பற்றி வழங்கும் பழமொழி நினைவுக்கு வருகிறது. சாமி இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரின் 'சிறப்பு'களை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் 'அழகில்லாத பெண்கள்' என்று முடிப்பார்கள். சிரிப்பும் எழும். இதைக் கட்டியவன் எவனோ ஒரு வழிப்போக்கன். ஆடவன் என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இல்லை. ஆறு, மலை, கோயில், கோட்டை என்று பார்க்கப்படும் பொருள்களின் வரிசையில் பெண்ணையும் சேர்த்துவிட்டான். பார்க்கிறவர்களின் வரிசையில் அவளுக்கு இடம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் அவன் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகச் சென்று சரிபார்த்தோம். சலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்ப வந்துவிட்டது. அந்த வரி காலாவதியாகிவிட்டது. சாமி இல்லாதிருந்த நெடுங்காலத்திலும் அங்கே கல்யாண மண்டபத்துச் சிற்பங்கள் இருந்தன, அவற்றைச் செதுக்கிய கல்தச்சனின் திறம் இருந்தது. பழமொழிக்காரன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசன் இல்லாத கோட்டை என்பது மெய்தான். ஆனால் அந்த 16-ஆம் நூற்றாண்டுக் கருங்கல் மதிலுக்குள் சிறைப்பட்ட அரச குடும்பங்கள் இருந்தன. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்புவின் மக்களையும் குடும்பத்தையும் ஆங்கிலேயர் இங்கேதான் கொண்டுவந்து வைத்தனர். கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம ராசசிங்கனை 1816-இல் இங்கே அடைத்தனர். 1832-இல் இங்கேயே அவன் மாண்டான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறை இருக்கிறது. தமிழ்நாடு அரசு அதற்கு முத்து மண்டபம் எழுப்பியிருக்கிறது. இவர்களை இருட்டறையில் பூட்டவில்லை. மகால் கொடுத்தார்கள், உதவித்தொகை கொடுத்தார்கள், பணியாட்கள் கொடுத்தார்கள். உணவுக்குக் குறைவில்லை, உடைக்குக் குறைவில்லை. ஒன்றே ஒன்றுதான் இல்லை: நினைத்தபோது அகழியைத் தாண்டி வெளியே செல்லும் உரிமை. அந்த ஒன்று இல்லாததால் வரலாறு அவர்களைக் கைதிகள் என்றே எழுதுகிறது. பேகம் மகாலின் நிழலில் நின்றபோது என் துணைவரிடம் கேட்டேன்: சோறும் சீலையும் பாதுகாப்பும் கொடுத்து, வெளியே செல்லும் உரிமையை மட்டும் மறுத்தால், அரசனுக்குப் பெயர் கைதி, பெண்ணுக்கு மட்டும் எப்படி இல்லத்தரசி என்று பெயர் வந்தது? அவர் மறுமொழி சொல்லவில்லை. அகழியைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அதே கோட்டையில் 1806 சூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூணை நாள்தோறும் கடந்து செல்கிறோம். நெற்றிக்குறியை அழி, தாடியை மழி என்ற ஆணைகளோடு, தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையும் அவர்கள் சினத்துக்குக் காரணமாயிற்று. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து நூற்றுக்கணக்கானோரைக் கொன்று அடக்கினான். அந்நியனை எதிர்த்த அந்த வீரத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் தோல் தலையில் பட்டால் தீட்டு என்ற எண்ணம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததன்று. அது நம் வீட்டுச் சரக்கு. அதே தோல்தான் பின்னாளில் இந்த மாவட்டத்துக்கே சோறு போட்டது!

பெண்ணை அடைத்து வைப்பதால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்கள் எங்கள் ஊரின் பெரிய மருத்துவமனை எப்படித் தோன்றியது என்பதைக் கேட்க வேண்டும். திண்டிவனத்தில் மருத்துவப் பணி செய்த தந்தையின் வீட்டில், தாயின் நோய்க்காக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு அவரை அழைத்தனர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறு சாதி இந்து. நான் மருத்துவம் படிக்கவில்லை, என் தந்தை மருத்துவர், அவர் வருவார் என்றார் ஐடா. அயல் ஆடவன் என் மனைவியைப் பார்ப்பதா என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். சாதி வேறு, மதம் வேறு. கதவு மட்டும் ஒன்று! ஐடா சென்று மருத்துவம் படித்தார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளி கண்டார். ஆண்கள் அங்கே சேர்ந்ததே 1947-இல்தான். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று நூல் எழுதிக் கேட்ட பெரியார், 1973 டிசம்பர் 24 அன்று அந்த மருத்துவமனையில்தான் கண்மூடினார். அவருக்குப்பின் இயக்கத்தை நடத்திய மணியம்மையார் பிறந்ததும் இதே வேலூர்.

ஏலகிரிக்கும் சென்றிருக்கிறோம், வளைவுக்கு வளைவு புலவர் பெயர் சூட்டிய மலைப்பாதையில் ஏறியிருக்கிறோம். விரிஞ்சிபுரத்தில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் கல்லைக் கண்டிருக்கிறோம். காவலூர் மலையில், வானத்தை ஆராயும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் வெண்ணிற மாடத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறோம். திருமலைக்கோடியில் 2007-இல் எழுந்த தங்கக் கோயிலுக்கு 1,500 கிலோ தங்கம் ஆயிற்று என்கிறார்கள்; அதை வெளியிலிருந்து பார்த்தது போதும் என்று வந்துவிட்டோம்.

ஆனால் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இராணிப்பேட்டைக்கும் நாங்கள் சென்றபோதுதான் நண்பர்கள் வியந்தனர். "பிரியாணி சாப்பிடவா?" என்றனர். பிரியாணியும் உண்டோம், எண்ணெய்க் கத்தரிக்காயோடு. அதில் குறையொன்றும் இல்லை. "நாற்றத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையா?" என்றனர். ஆம், அதற்கும்தான். அழகிய இடங்களை மட்டும் தேடிச் செல்பவர் ஊரைப் பார்க்கவில்லை; ஊர் விற்கும் படத்தைப் பார்க்கிறார். பாலாறு நந்தி மலையில் பிறந்து இங்கே வருகிறது. தண்ணீர் இல்லாத ஆறு என்று பழமொழி எள்ளியது. 2021 நவம்பரில் கரை புரண்டு வந்து அந்த எள்ளலுக்கு ஒருமுறை விடை சொன்னது. ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லாததைவிட, மண்ணுக்கடியில் உள்ள தண்ணீர் கெட்டதுதான் பெருங்கேடு. ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட தொழில், குரோமிய உப்புக்கு மாறியது. கழிவு மண்ணில் இறங்கியது. சுமார் 35,000 எக்டேர் வேளாண் நிலம் ஓரளவோ முற்றிலுமோ பயனற்றுப்போயிற்று என்ற கணக்கெடுப்பை உச்ச நீதிமன்றம் 1996-இல் தன் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டி, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. 2025 சனவரியில் அதே ஆற்றுக்காக அதே மன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இராணிப்பேட்டையில் 2015 சனவரி முடியும் இரவில், தோல் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலைத் தொட்டுப் பதனிடுபவனைத் தீண்டாதே என்றது சாதி. அவன் பதனிட்ட தோலை மட்டும் காலில் அணிந்துகொண்டது. அவன் வாழும் தெருவுக்குள் அந்தக் கால்கள் வரவே இல்லை!

இங்கே என் வாதத்துக்கே ஒரு தடை எழுகிறது. அதை மறைக்க மாட்டேன். பெண் வெளியே செல்வதே விடுதலை என்றால், ஆம்பூரைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் பேருந்தேறிக் காலணித் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதலை பெற்றுவிட்டார்களா? அவர்கள் வாரத்தில் ஆறு நாள் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள். ஒரு கூரையிலிருந்து மற்றொரு கூரைக்கு! சம்பளம் கையில் வருகிறது. அது சிறிய வெற்றியன்று, அதை இழித்துப் பேசுபவரோடு எனக்கு உடன்பாடில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வை உறுதி செய்தது. அந்த ஒரு நாளில், ஆறு நாள் அழுக்குத் துணியும் குவிந்து கிடக்கிறது. கணவன் கடைத்தெருவுக்குச் செல்கிறான். அவள் துவைகல்லுக்குச் செல்கிறாள். ஓய்வுநாளைச் சட்டம் இருவருக்கும் கொடுத்தது. வீடு அதை ஒருவருக்கே கொடுத்துவிட்டது.

ஆகவேதான் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமைப் பயணம் பேருந்து நிலையத்தில் தொடங்குவதில்லை, சனிக்கிழமை அடுக்களையில் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் மாவு அரைப்பது அவர், துணி துவைப்பது நான். அடுத்த வாரம் மாற்றிக்கொள்கிறோம். அவர் அரைத்த மாவில் முதன்முதல் வார்த்த இட்லி பற்றி இங்கே எழுத வேண்டாம். ஊர் ஆசையுள்ள கணவன்மார்கள் துணைவியிடம், "உன்னை எங்கே அழைத்துப் போகட்டும்?" என்று கேட்பதை விட்டு, "எந்த வேலையை நான் முடித்தால் நாம் புறப்படலாம்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.

தொழிற்சாலைக்குச் செல்லாத தொழிலாளிப் பெண்களும் உண்டு. ஆம்பூரை அடுத்த சிற்றூர்களில், திண்ணையில் அமர்ந்து, மடியில் தோலை வைத்து, காலணியின் மேற்பகுதியை ஊசியும் நூலும் கொண்டு தைப்பவர்கள். சோடிக்கு இவ்வளவு என்று கூலி. வருகைப் பதிவேடும் இல்லை, வார விடுமுறையும் இல்லை. வீட்டிலிருந்து உழைப்போருக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. அத்தகைய அம்மையார் ஒருவரிடம், வேலூர்க் கோட்டையைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். அவர் ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான்.

"ஆசுபத்திரிக்கு வந்தப்போ வெளியிலிருந்து பார்த்தேம்மா" என்றார்.

"உள்ளே போகவில்லையா?"

"உள்ளே நமக்கு என்ன வேலை?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சேர்ந்து போகலாம் என்று என் துணைவர் அழைத்தார். அவர் வீட்டுக்காரரையும் அழைத்தார். அம்மையார் சிரித்தார். பக்கத்தில், மறுநாள் காலைக்குள் தைத்துக் கொடுக்க வேண்டிய சோடிகள் ஒரு கூடை நிறைய இருந்தன. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நாளைக்கு என்ன கிழமை?" என்று எங்களிடம் கேட்டார்.