ஏறினவர்களின் கடன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பஸ்ஸில் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். "எவ்வளவு அழகு" என்பார்கள். அந்த அழகுக்குள் இறங்கி நிற்கிறவர்களுக்குக் கண் கூசும், கால் வெடிக்கும். தை, மாசியில் தொடங்கினால் மழை இறங்குகிற வரைக்கும் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் அளம் முழுகிவிடும். வீட்டில் அடுப்பும் பாதி நாள் எரியாது.

என்னை முதன்முதலாக அளத்தில் இறக்கியவள் என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவளோடு போவேன். பாத்தித் தரையை மிதிக்கச் சொல்லிக்கொடுத்தாள். "குதிகால ஊணாதடி, பாதத்த முழுசா வையி. சேறு இறுகணும், பள்ளம் வுழக் கூடாது" என்பாள். தண்ணியை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு எப்போது திருப்புவது, உப்பு கட்டினதும் மிச்சத் தண்ணியை எப்போது வெளியேற்றுவது எல்லாம் அவளுக்குக் கண் பார்த்தே தெரியும். அந்தத் தண்ணியை விட்டுவைத்தால் உப்பு கசந்துபோகும். அந்தக் கசப்பு மக்னீசியம் என்று பின்னால் காலேஜில் படித்தேன். அத்தை அதைப் பேர் தெரியாமலே தெரிந்து வைத்திருந்தாள். தெரிந்ததை ஒளிக்கவும் இல்லை. பக்கத்தில் மிதிக்கிறவள் தப்பாக மிதித்தால் தன் பாத்தியும் கெடும் என்பது அளத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பிறகு போய்ச் சேர்ந்த இடத்தில் இப்படிச் சொல்லிக்கொடுக்கிற ஆள் யாருமில்லை. நானும் அப்படிப்பட்ட ஆளாக இருக்கவில்லை. படித்து மேலே ஏறிவிட்டவர்களுக்குப் பின்னால் ஏறி வருகிறவர்கள் மேல் ஒரு கடமை உண்டா? உண்டென்றால் அது இரக்கமா, கடனா? இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

அத்தைக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல், தீட்டு நின்றுபோன பிறகு, மறுபடி ரத்தம் பட்டது. "சூடும்மா, வெயில்ல நிக்கறம்ல" என்றாள். கற்றாழை தின்றாள், மோர் குடித்தாள். அளத்தில் ஒதுங்க மறைப்பில்லை, யாரிடமும் சொல்ல வாயில்லை. பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றிப்போயிருந்தது. 1992இல் செத்துப்போனாள். நான் அப்போது பிளஸ் ஒன். இந்த நோயைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன் என்றெல்லாம் சொன்னால் அது கதை. ஆனால் அந்த நோயின் பேரை மட்டும் நான் மறக்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் வாரம் என் கையில் வளர்க்கக் கொடுத்த செல்லின் பேர் 'ஹீலா'. அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல் என்று சொன்னார்கள். யாருடையது என்று யாரும் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஹென்ரியட்டா லாக்ஸ் என்கிற கறுப்பினப் பெண். அமெரிக்காவில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்த குடும்பம். 1951இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 31 வயதில் செத்தாள். அவளைக் கேட்காமல் எடுத்த சதைத் துணுக்கு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இன்றைக்கும் வளர்கிறது. அவள் பிள்ளைகளுக்கே இருபது வருடத்துக்கு மேல் விஷயம் தெரியாது. இந்தப் புற்றுக்குக் காரணம் ஒரு வைரஸ் என்று காட்டிய ஹெரால்டு சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸின் 18ஆம் வகை ஹீலா செல்லுக்குள்ளேயும் இருக்கிறது.

எனக்கு அன்றைக்கு ஒன்று புரிந்தது. ஆய்வுக்கூடத்துக்குள்ளே நம்ம மாதிரி சனங்களின் உடம்பு எப்போதோ போய்விட்டது. மாதிரியாக, துணுக்காக, எண்ணாகப் போக நமக்குத் தடையில்லை. கேள்வி கேட்கிற ஆளாகப் போவதற்குத்தான் இவ்வளவு பாடு.

நம்ம ஆட்கள் ஏன் அங்கே போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நோய்க்குச் சாதியா இருக்கிறது என்பார்கள். நோய்க்கு இல்லை சார், கேள்விக்கு இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கிராமத்துக்கே போய், 30 வயதிலிருந்து 59 வயதுப் பெண்களுக்கு வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அப்போதே வைத்தியமும் செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றால் சாகிறவர்கள் 35 சதவீதம் குறைந்தார்கள் என்று 2007இல் முடிவு வெளியானது. பெரிய மெஷின் தேவைப்படவில்லை. பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஏன் வருவதில்லை என்று யோசிப்பதற்குப் பதிலாக நாமே போனால் என்ன என்று யோசித்தார்கள், அவ்வளவுதான். அப்படிக் கேட்கத் தோன்றுகிற ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

உள்ளே போனால் போதுமா? பரீட்சை எழுதி, உதவித்தொகை வாங்கி, கைடு கிடைத்துச் சேர்ந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வேண்டியது எதுவும் புத்தகத்தில் இல்லை. நோட்டில் ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். வேலை தொடங்குமுன்பே கட்டுரையில் யார் பேர் முதலில் வரும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆய்விதழ் திருப்பி அனுப்பினால் அழக்கூடாது, பதில் எழுத வேண்டும். சிபாரிசுக் கடிதத்தை எப்போது, எப்படிக் கேட்பது, உதவித்தொகை ஆறு மாதம் வராமல் நின்றால் யாருக்கு எழுதுவது, கைடு வீட்டு வேலை சொன்னால் எப்படித் தட்டுவது? கூடப் படித்த பலருக்கு இதெல்லாம் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. மாமா புரொபசர், சித்தி டாக்டர். நமக்கு மேசையும் இல்லை, மாமாவும் இல்லை. அவர்களிடம் இருக்கும்போது அதற்குப் பேர் தகுதி. நம்மிடம் இல்லாதபோது அதற்குப் பேர் தகுதிக்குறைவு. டில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் குழு விசாரித்து 2007இல் அறிக்கை தந்தது. வாத்தியார்களின் ஆதரவு இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்பது அதில் முக்கியமான விஷயம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2011இல் எங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆய்வுக்குச் சேர்ந்தாள். நான் அப்போது அங்கே வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலையில் இருந்தேன். இரண்டாம் நாளே என் பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, நீ அளத்துப் பக்கமா?" என்றாள். அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். நான் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இங்க ஊரெல்லாம் பேசாத. யாராச்சும் கேட்டா பாண்டிச்சேரின்னு சொல்லு. வேலையப் பாரு." அதுதான் நான் அவளுக்குக் கொடுத்த முதல் வழிகாட்டல்.

2013 ஏப்ரல் 25இல் மரக்காணத்தில் நம்ம சனங்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். மறுநாள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், "உங்க ஊராமே?" என்று கேட்டார். "இல்ல சார், அது தள்ளி" என்றேன். அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வருடமே அவளுடைய கட்டுரை வெளியானது. இரண்டு வருடம் ராத்திரி பகலாக அவள் செய்த வேலை. முதல் பேர் வேறொருவருடையது. அவள் பேர் மூன்றாவது. "அக்கா, உனக்குத் தெரியும்ல, யாரு செஞ்சதுன்னு?" என்றாள். எனக்குத் தெரியும். நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஜூனில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "இப்ப வுடு, அடுத்ததுல பாத்துக்கலாம்" என்றேன். அவளுக்கு அடுத்தது வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டுப் போனாள்.

எனக்கும் சாக்கு இருக்கிறது. நானும் பலவீனமான இடத்தில்தான் இருந்தேன். மூழ்குகிறவள் இன்னொருத்தியை எப்படித் தூக்குவாள்? பல தலைமுறையாக ஏறி உட்கார்ந்திருப்பவர்களை யாரும் இந்தக் கேள்வி கேட்பதில்லை, நம்மை மட்டும் கேட்கிறார்கள் என்பதும் நிஜம். அவர்கள் பாக்கிதான் பெரியது. ஆனால் அவர்கள் கட்டவில்லை என்பதால் என் பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது.

பாபாசாகேப்பை நினைத்துப் பார்க்கிறேன். 1907இல் அவர் மெட்ரிக் தேறியபோது கேலுஸ்கர் என்கிற ஆசிரியர் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு பரோடா மன்னரிடம் கூட்டிக்கொண்டு போய் உதவித்தொகைக்கு வழி செய்தார். அந்தக் கை இல்லாவிட்டால் 1913இல் கொலம்பியா இல்லை. ஆனால் 1917இல் படித்துவிட்டுத் திரும்பி பரோடா வேலைக்குப் போனவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பேர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நல்ல மனிதர் ஒருவரின் கருணை கப்பலேற்றிவிடும். இறங்கின பிறகு அது கூட வருவதில்லை. அங்கே சட்டமும் உரிமையும் வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பேரை மறைத்துத் தங்க நேர்ந்ததை அவர் பிற்பாடு தன் கையாலேயே எழுதிவைத்தார். மறைப்பதை வழியாக யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தேன்.

நம்ம மாநிலத்திலேயே பெரிய உதாரணம் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. தங்கையை 1923இல் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டு, 1954 ஜூன் 18இல் 12 படுக்கையோடு தொடங்கினார். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, கிருஷ்ணமூர்த்தியிடம் பயின்ற டாக்டர் சாந்தா என்று கைமாறி வந்தது. சாந்தா அரசு வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு 1955இல் வந்தார். முதல் மூன்று வருடம் சம்பளமில்லை, பிறகு மாதம் 200 ரூபாய். 2021இல் சாகிற வரைக்கும் அங்கேயே இருந்தார். கும்பிட வேண்டிய வாழ்க்கை. நம்ம ஏழைகள் எத்தனையோ பேர் அங்கே பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தியாகத்தை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்கும்போதுதான் எனக்குக் கேள்வி வருகிறது. சி.வி.ராமன் உறவில் பிறந்தவர் மூன்று வருடம் சம்பளமில்லாமல் இருக்கலாம். மழைக்காலத்தில் அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளை மூன்று மாதம் இருக்க முடியாது. அவள் உதவித்தொகை எப்போது வரும் என்று கேட்டால் "இவளுக்கு ஆராய்ச்சியில் ஈடுபாடில்லை, பணத்திலேயே குறி" என்பார்கள்.

அன்பைச் சட்டம் போட்டு வரவழைக்க முடியாது என்பார்கள். நாம் அன்பைக் கேட்கவில்லை. பேர் வரிசையை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடு, பணத்தைத் தேதியில் கொடு, கைடைப் பற்றி முறையிட இன்னொரு ஆளை வை என்கிறோம். அன்பு உன் இஷ்டம். இது எங்கள் உரிமை.

போன வருடம் திண்டிவனத்தில் அவளைத் தேடிப் போனேன். ரத்தப் பரிசோதனைக் கடையில் வேலை செய்கிறாள். டீ வாங்கிக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நீ அன்னைக்கு எனக்காகப் பேசலன்றதுகூட இல்ல. என்னையும் பேசாம இருக்கச் சொல்லிக் குடுத்த பாரு. அதான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

இந்த வருடம் எனக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். முதல் நாளே உட்காரவைத்து, பேர் வரிசை என்ன, எந்த வேலை யாருடையது என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். நோட்டில் தேதி போடச் சொன்னேன். போகும்போது வாசலில் தயங்கி நின்று, "மேடம், உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

மரக்காணம் என்றேன். ஊரில் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னேன்.