தலைதட்டி அளப்பவர்கள்

ஒரகடம் டீக்கடையில் ஒரு பையன். டிப்ளமோ முடித்து, கார் கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து தரும் ஒரு சின்னத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சேர்ந்து மூன்று மாதம். ‘‘தின்னர் பேரல்ல 200 லிட்டர்னு போட்டிருக்கு சார். கம்ப்யூட்டர் கிலோ கேக்குது. 200-ன்னே அடிச்சுட்டேன். ஆடிட்ல மாட்டிக்கிட்டேன்’’ என்று சிரித்தான்.

தண்ணீராக இருந்தால் தப்பித்திருப்பான். லிட்டருக்கு ஒரு கிலோ. அவன் தின்னரின் அடர்த்தி 0.87. பெருக்கினால் 174 கிலோதான். மீதி 26 கிலோ, கணக்கில் மட்டும் இருந்த தின்னர்!

1983 ஜூலையில் ஒரு ஏர் கனடா விமானத்துக்கும் இதே கதை. எரிபொருளை லிட்டரிலிருந்து கிலோவுக்கு மாற்றும்போது, பவுண்டுக்கான 1.77-ஐப் போட்டுப் பெருக்கிவிட்டார்கள். தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பி, நடுவானில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. பைலட் அதை கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற பழைய விமானதளத்தில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள்.

அது தப்பு. பொய் இல்லை.

இன்னொன்று பாருங்கள். சூடானால் எண்ணெய் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில கம்பெனிகள் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டு, கூடவே 60 டிகிரி என்றும் போட்டன. எந்த எண்ணும் தப்பில்லை. ஆனால், அக்னி நட்சத்திரத்தில்கூட நம் சமையலறை அத்தனை கொதிக்குமா? வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவு போடுங்கள், எடையும் அதற்குச் சரியாக இருக்கட்டும் என்று 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்ல வேண்டி வந்தது.

கேட்பவர் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே சொல்லும் உண்மைக்கு என்ன பெயர்? புதுசு ஒன்றும் இல்லை. வாங்கும்போது படியைக் கோபுரமாகக் குவித்து, கொடுக்கும்போது தலைதட்டி அளந்தவர்கள் அந்தக் காலத்திலும் உண்டு. இரண்டுமே ‘ஒரு படி’தான்!

‘‘இப்ப எப்படி எழுதறே?’’ என்று பையனைக் கேட்டேன்.

‘‘கிலோ பக்கத்துலயே அடர்த்தி, எந்த டெம்பரேச்சர்ல எடுத்தது, எல்லாம் எழுதிடுவேன். நான் தப்புப் பண்ணாலும் அடுத்து வர்றவங்க கண்டுபிடிச்சிடலாம்ல?’’

எண்ணெய் பாக்கெட்டிலும் டெம்பரேச்சர் எழுதித்தான் இருந்தது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்.