காணாத நகர்வு

1983-ல் ஒரு கிளப் போட்டியில் நான் ஆடிய சதுரங்க ஆட்டம் 88 நகர்வுகளுக்குப் பிறகு டிராவாக முடிந்தது. கடைசிக் கட்டத்தில் பலகையில் ஆறு காய்கள். ராஜாக்கள் இருவர், ஆளுக்கொரு யானை, எனக்கு மட்டும் எஃப், எச் வரிசைகளில் இரண்டு சிப்பாய்கள். இரண்டு சிப்பாய் அதிகமிருந்தும் இது பெரும்பாலும் டிரா என்பது புத்தகம் அறிந்தது. ஆனால் காப்பது கடினம், தேர்ந்தவர்களே தோற்றிருக்கிறார்கள். எதிராளி ஏறக்குறைய நாற்பது நகர்வுகள் தாக்குப்பிடித்தார்.

முடிந்ததும் காய்களைத் திரும்ப அடுக்கி, கிளப்பில் விளக்கை அணைக்கும்வரை இருவரும் ஆராய்ந்தோம். எனக்கு வெற்றி எங்குமே இருக்கவில்லை என்று முடிவு செய்தோம். பிறகு நண்பர்களானோம். தன் ஆட்டங்களில் அவர் பெருமையோடு பேசுவது இதைப் பற்றி மட்டுந்தான்.

சென்ற மாதம் பழைய நோட்டிலிருந்து அந்த நிலைகளைக் கணினியில் இட்டுப் பார்த்தேன். ஏழு காய்கள் வரையிலான நிலைகள் 2012-லேயே முழுக்கக் கணக்கிடப்பட்டுவிட்டன. அங்கே அபிப்பிராயம் இல்லை, விடைதான். 71-ஆவது நகர்வில் அவர் பிழை செய்திருக்கிறார். நான் ராஜாவை ஒரு கட்டம் பின்வாங்கியிருந்தால் வெற்றி. நான் யானையால் செக் கொடுத்தேன். மறுபடி டிரா.

முதலில் எழுந்தது சந்தோஷம்: ஜெயித்திருக்க வேண்டியவன் நான். அந்தச் சந்தோஷத்தைத்தான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. அந்த நகர்வு எந்த அர்த்தத்தில் என்னுடையது? கண்டு, தயங்கி, விட்டிருந்தால் என் இழப்பு எனலாம். நான் அதைக் காணவேயில்லை. 2018-ல் லண்டனில் கார்ல்சனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், 68-ஆவது நகர்வில் கருவானாவுக்கு ஒரு வெற்றி இருந்ததைக் கணினி காட்டியது. குதிரையைத் தானே அடைபடும் கட்டத்துக்குக் கொண்டுபோகும் விசித்திரமான வழி அது. ஆட்டம் டிராவாயிற்று. வெற்றி நிலையில் இருந்தது, ஆட்டத்தில் இல்லை.

ஆனால் இந்தப் பாகுபாடு வசதியானதும்கூட. நிலையின் உண்மை பொருட்டில்லை என்றால் அன்றிரவு எதற்காக உட்கார்ந்திருந்தோம்? அந்த டிரா எங்கள் திறமையால் மட்டுமல்ல, பொதுவான குருட்டுத்தனத்தாலும் ஆனது. அவர் போராடியது உண்மை. பிழை செய்ததும் உண்மை. பின்னதை மறைத்தால் அவருடைய பெருமை இனி என் தயவில் நிற்கும். அது அவருக்கு நான் செய்யும் மரியாதை ஆகாது.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். ‘நான் ஜெயித்திருப்பேன்’ என்று தொடங்கினால் அது பொய். எனக்குச் சொந்தமில்லாத ஒன்றைக் காட்டி அவருடையதைப் பறிப்பது. ‘அன்றைக்கு நாம் இரண்டு பேருமே பார்க்காத ஒன்று இருக்கிறது’ என்பது உண்மை. விமர்சனத்துக்கும் எக்களிப்புக்கும் உள்ள தூரம் பலசமயம் இவ்வளவுதான் என்று படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். பலகை அவர் வீட்டில் இருக்கிறது.