பாதியில் தொடங்கிய படங்கள்

அந்தப் பேய்க்கு விறகு தேவையில்லை. அடுப்புக்குள் தன் காலையே நீட்டி எரியவிட்டுச் சாவகாசமாகச் சமைக்கும். விட்டலாச்சார்யா 1978இல் தெலுங்கில் எடுத்து, தமிழ் பேசிக்கொண்டு நம் ஊர்களுக்கும் வந்த 'ஜெகன்மோகினி' அது. என் வயதுக்காரர்கள் பலர் அதைத் தியேட்டரில் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் கோடை விடுமுறை மதியங்களில் லோக்கல் சேனலில்தான் பார்த்தோம்.

சன் டிவி 1993இல் வந்த பிறகு எங்கள் தெருவிலும் கேபிள் ஒயர் ஓடியது. அதில் ஒரு சேனல் மட்டும் ஊருக்கே சொந்தம். கேபிள்காரர் கையில் கிடைத்த கேசட்டைப் போடுவார். திரையின் அடியில் நகைக்கடை விளம்பரமும் யார் வீட்டுப் பிள்ளைக்கோ காதணி விழா வாழ்த்தும் ஊர்ந்துபோகும். என்ன படம், எப்போது போடுவார் என்பது தெரியாததால் பெரும்பாலும் பாதியில்தான் போய் உட்காருவோம். பெயரும் தெரியாது. 'பட்டணத்தில் பூதம்' எங்களுக்கு வெறும் ஜீபூம்பா படம்.

முடிவும் பல நேரம் கிடைக்காது, கரண்ட் போய்விடும். "அக்கா, அந்த மந்திரவாதி என்னக்கா ஆனான்?" என்று நச்சரிப்போம். 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதியைக் கிளியாக்கிக் கூண்டில் அடைத்தது என் அக்காதான். வளர்ந்த பிறகு உண்மையான முடிவைப் பார்த்தேன். இன்றும் எனக்கு அக்கா சொன்னதுதான் சரியான முடிவு.

கேமராவை நிறுத்தி, ஆளை விலக்கி, மறுபடி ஓட்டினால் மனிதர் மாயமாவார். அந்தக் காலத்து வித்தைகள் பல இவ்வளவுதான். மீதியை நாங்கள் போட்டோம். பயத்தையும் நம்பிக்கையையும் அள்ளி அள்ளிக் கொடுத்தோம். வெயில் தாழும்வரை வெளியே போகக்கூடாது, வேறு சேனலில் வேறு ஏதும் இல்லை. போக்கிடம் இல்லாததால் அந்தப் படத்துக்கு முழுசாக எங்களைக் கொடுத்தோம்.

இன்று அவற்றில் பல படங்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன, எழுத்துப் போடுவதிலிருந்து பார்க்கலாம். ஆனால் பத்து நிமிடத்தில் விரல் அடுத்ததைத் தேடுகிறது. நான் ஏங்குவது அந்தப் படங்களுக்காக என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பிடித்ததை மட்டுமே தேடித் தேடி எடுத்துக்கொள்ளும் வாழ்க்கையில், கேட்காமல் வருகிற ஒன்றோடு பொறுமையாக உட்காரும் பழக்கம் போய்விடுகிறது. படத்தில் மட்டுமா? பேச வந்த மனிதரிடமும்தான்.

அதனால் இந்தக் கோடையில் வீட்டில் ஓர் ஏற்பாடு. ஞாயிறு மதியம் ஒருவர் படம் போடுவார். மற்றவர்கள் பெயர் கேட்கக்கூடாது, நடுவில் எழுந்து போகக்கூடாது. முதல் அரைமணி நேரம் என் மகன் நெளிகிறான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போன வாரம் அக்காவின் முறை. 'அதே கண்கள்' போட்டாள். கொலைகாரன் யார் என்று அத்தையும் மருமகனும் போட்ட சண்டையில் வசனமே காதில் விழவில்லை.