போகமும் நன்றியும்

சிவமயம்



கார் கழிந்து கூதிர் புகும் ஐப்பசித் திங்களில், மதி நிறைந்த நன்னாளில், சிவாலயந்தோறும் அன்னாபிடேகம் நிகழ்தல் நம் நாட்டு நெடுவழக்கு. காவிரிப் பாங்கரில் குறுவை அறுவடையாகிக் களஞ் சேர, சம்பாப் பயிர் வேரூன்றிப் பசுமை கொண்டு நிற்குங் காலம் அது. வந்த விளைவுக்கு நன்றியும், வருகின்ற விளைவுக்கு வேண்டுகோளும் ஒருங்கே எழுதற்கு அதனினும் ஏற்ற பருவம் பிறிதில்லை. முதலாம் இராசேந்திர சோழ தேவர் 11-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலில், ஏறக்குறைய 13 அடி உயர்ந்து நிற்கும் சிவலிங்கத் திருமேனி அன்று வெள்ளிய அன்னத்தான் மூடப்பெற்று விளங்குங் காட்சியைக் கண்டார் மறவார். அங்ஙனம் சாத்திய அன்னத்துள் பாணப் பகுதியிலுள்ளது நீர்நிலையிற் கரைக்கப்பெற்று மீன் முதலிய உயிர்கட்கு உணவாம். ஏனையது வந்தார்க்கெல்லாம் பிரசாதமாம். இறைவன் திருமேனியிற் பட்ட அன்னத்தில் ஒரு பருக்கையும் அவன் தனக்கென வைத்துக் கொண்டானில்லை என்பதை ஈண்டு உளங்கொள்க. பின்னர் வேண்டப்படும்.

சென்ற ஐப்பசி முழுமதி நாளில் சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேட்டுப் பாங்கரில், அன்பரொருவரது தோட்டத்தின் ஓரத்தே எழுந்தருளியுள்ள சிறியதொரு சிவலிங்கப் பெருமானுக்கு இவ்விழா நிகழ்ந்தது. அதன்கண் சில சொல்லுமாறு அழைக்கப்பெற்று, குப்பனூர் வழியாக மலையேறிச் சென்றோம். வெள்ளி ஓக்கு மரங்களின் நிழலிற் காப்பிச் செடிகள் கிளை தாழக் காய்த்து, முதற்பழங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. அம்மரங்களையே கொழுகொம்பாகப் பற்றி மிளகுக் கொடிகள் ஏறியிருந்தன. காப்பி அம்மலைக்குப் பழம்பயிர் அன்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலத்துக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் கொணர்ந்து வளர்த்தது. அதற்கு முன்னரே அம்மலையை இடமாகக் கொண்டு வாழ்பவர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். காஞ்சியினின்று போந்தவர் தம் முன்னோர் என்பது அவர்தம் வழக்கு. ஆடியையொட்டி விதைத்த சாமை கேழ்வரகு முதலியவற்றைக் கூதிரின்கண் அறுத்து உண்பது அவர்தம் வாழ்க்கை. மலையுச்சியிற் குகைக்கோயிலில் சேர்வராயனையும் காவேரியம்மனையும் ஒருங்கு வைத்து வழிபடுகின்றனர். மலையும் ஆறும் ஓரிடத்துத் தெய்வமாய் நிற்கும் அமைதி அது. சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரூடு சென்று காவிரியிற் கலத்தலை நோக்குவார்க்கு, மலையிற் பெய்த மழையே கீழ்நாட்டு நெல்லாகி, அந்நெல்லே அன்னாபிடேக அரிசியாய் மீண்டும் மலையேறி வந்தது என்பது புலனாம்.

வழிபாடு தொடங்குமுன் தோட்டத்துக்குரிய அன்பர் நம்மைத் தனியே அழைத்து ஒரு வினா நிகழ்த்தினார். அவர் சித்தாந்த சாத்திரங்களை ஓரளவு கேட்டவர். அவர் கூறியது இது.

"ஐயா, சென்ற ஆண்டு பழமெடுக்குங் காலத்தில் விடாமழை பெய்தது. பழம் வெடித்து உதிர்ந்தது. எடுத்த பழத்தைக் களத்தில் உலர்த்த வெயிலில்லை. பாதி பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. அப்போது தங்கட்கு எழுதினேன். 'இது வினைப்பயன், பொறுத்துக் கொள்க' என்று விடை வந்தது. இவ்வாண்டு நன்றாகக் காய்த்திருக்கிறது. 'இஃது இறைவன் அருள், நன்றி செலுத்துக' என்கின்றீர்கள். நட்டத்தை என் பேரிலும் இலாபத்தை இறைவன் பேரிலும் எழுதும் இது என்ன கணக்கு?"

இவ்வினா நம்மைச் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. கேட்டவர் நாத்திகர் அல்லர், வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்தவர். அவர் கேட்டது நம் சாத்திரத்தின்மேல் எழுந்த தடை அன்று. நாம் எழுதிய விடையின்மேல் எழுந்த தடை. அத்தடை நியாயமானதே. ஆதலின் அவ்விடையை முதற்கண் திருத்துதல் நம் கடனாயிற்று.

உழவர் பெருமக்கள் ஒரு விளைச்சலை 'ஒரு போகம்' என்றும், ஈராண்டு அறுவடையன்றி ஓராண்டிலே இருமுறை விளைவதை 'இருபோகம்' என்றும் வழங்குதல் யாவரும் அறிந்தது. நம் சித்தாந்தமும், உயிர்கட்கு இறைவன் மாயையினின்று தோற்றுவித்துக் கொடுப்பன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு என்னும். உழவன் களத்திற் கூறும் சொல்லும் ஆசிரியன் மடத்திற் கூறும் சொல்லும் ஒன்றாய் நிற்றல் நோக்கத்தக்கது. நிலம் புவனம். அதில் உழைக்கும் உடம்பு தனு. பருவமறிந்து விதைக்கும் மனமுதலியன கரணம். விளைந்து நுகர்ச்சிக்கு வந்தது போகம். இந்நான்கனுள் ஒன்றேனும் உயிர் தானே ஆக்கிக்கொண்டதன்று. நாலாவதற்கு மட்டும் நன்றி கூறி முதன் மூன்றையும் நமக்கு உரியனவாக எண்ணுதல் பெரும் பிழை.

அற்றேல் வினை எங்கே நின்றது எனின், கூறுதும். சஞ்சிதம் குதிரிற் சேர்த்துவைத்த தானியம் போல்வது. பிராரத்தம் அதினின்றும் எடுத்துச் சமைத்து இலையில் இட்ட சோறு போல்வது. ஆகாமியம் உண்ணும் இக்காலத்தே மறுபோகத்துக்கு விதைக்கும் விதை போல்வது. ஆயினும் குதிரிலுள்ள தானியம் தானே நடந்து அடுக்களைக்கு வாராது, தானே இலையில் ஏறாது. வினை சடம். தன்னைச் செய்தவன் இவன் என அறிந்து அது சென்று பொருந்தாது. உயிரோ, தனக்குரிய வினை இன்னதென அறிந்து எடுத்துக் கொள்ளும் ஆற்றலின்றி மலத்தான் மறைப்புண்டது. ஆகவே, எவ்வினையை, எக்காலத்து, எவ்வளவினதாக ஊட்டினால் இவ்வுயிர் பக்குவமுறும் என அறிந்து கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டப்படும். சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரம் இதனையே நிலைநாட்டும்.

இஃது உண்மையாயின், 'நட்டம் வினை, இலாபம் அருள்' என்னும் நம் பழைய விடை இருவகையானும் தவறு. நட்டமும் இலாபமும் இரண்டும் வினையே. அவ்விரண்டையும் அளந்து ஊட்டுதல் இரண்டிடத்தும் அருளே. மருத்துவன் தேனிற் குழைத்து மருந்து தரினும் கசப்பாகத் தரினும் நோக்கம் ஒன்றே ஆதல்போல, இனியதைத் தருவதை அறக்கருணை என்றும், இன்னாததைத் தருவதை மறக்கருணை என்றும் நம் பெரியோர் வகுத்தனர். கருணை என்னுஞ் சொல் இரண்டிலும் நிற்றல் காண்க. எனவே நன்றி செலுத்துதல் விளைந்த மூட்டைகளின் எண்ணிக்கைக்கு அன்று. எண்ணிக்கைக்கு நன்றி கூறுவோன் எண்ணிக்கை குறைந்த ஆண்டில் முணுமுணுப்பான். அது வாணிகமேயன்றி வழிபாடு ஆகாது.

இங்ஙனம் கூறிய அளவில் அன்பர் முகம் தெளிந்தது. எனினும் மற்றுமொன்று கேட்டார். "பிறர்க்கு இதனைச் சொல்லலாமோ? என் தோட்டத்துக் கூலியாளுக்குக் கூலி குறைந்தால், 'இது மறக்கருணை, பொறுத்துக்கொள்' எனலாமோ?" நாம் உடனே கூறினோம்: "ஒருகாலும் ஆகாது. மறக்கருணை என்பது தன் துன்பத்தை நோக்கித் தான் தெளிதற்கு ஏற்பட்டது. பிறன் துன்பத்தை நோக்கி நாம் வாளாவிருத்தற்கு ஏற்பட்டதன்று. பிறன் பசித்தவிடத்து நமக்கு விதிக்கப்பட்டது ஈதலே." நன்றாகச் சொன்னோம் என்று நாமே மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை.

அன்னாபிடேகம் இனிது நிறைவேறிற்று. மலைவாழ் மூதாட்டி ஒருவர் புதுச்சாமையை முறத்தில் ஏந்தி வந்து திருமுன் வைத்தார். அஃதும் சமைக்கப்பெற்று நிவேதனமாயிற்று. சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. உரலிலிட்டுப் பன்முறை குற்றிப் புடைத்த பின்னரே உண்ணத்தகும் அரிசி தோன்றும். நெல்லுக்கு உமி போல உயிர்க்கு ஆணவம் உடனாயது என்று மேடையில் ஏறி நாம் விரித்துரைத்த காலத்து, அவ்வுமியைத் தம் கையாற் குற்றி நீக்கியவர் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சொற்பொழிவு முடிந்தது. நம்மையும் வந்த பெரியோரையும் முதற்பந்தியில் அமர்த்தினர். உண்டு கையலம்பி வெளிப்போந்த பின்னரே, பழமெடுக்கும் பெண்டிரும் அம்மூதாட்டியும் தூறலில் முக்காடிட்டுத் தம் முறைக்குக் காத்து நின்றமை கண்ணிற் பட்டது. பந்தியை வகுத்தவரைக் குறை கூறுதற்கு இடமில்லை. முதற்கண் யார்க்கு இடல் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேளாது அமர்ந்தவர் நாமே. இறைவனுக்கு நன்றி எங்ஙனம் செலுத்துவது என ஒரு நாழிகை பேசிய நாவினால், அந்நன்றி செல்லவேண்டிய இடத்தை மறித்துக்கொண்டு உண்டோம்.

மலையினின்று இறங்கும்போது அரிவாட்டாய நாயனார் வரலாறு நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. கணமங்கலத்து வேளாளராகிய தாயனார், செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாடோறும் இறைவனுக்கு அமுதுசெய்வித்து வந்தவர். செல்வம் ஒழிந்தபோது தொண்டை ஒழித்தாரல்லர். பிறர் வயலிற் கூலிக்கு நெல்லறுக்கச் சென்றார். கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவற்கு ஆக்கிக் கார்நெல்லைத் தாம் உண்டார். வயலெல்லாம் செந்நெல்லே ஆனபோது, அனைத்தும் அவனுக்கே ஆயிற்று என மகிழ்ந்து தாம் கீரையையும், பின் தண்ணீரையுமே கொண்டார். ஒருநாள் திருவமுது சுமந்து செல்கையில் உடல் தளர்ந்து இடறி, அனைத்தும் வயலின் வெடிப்பிற் சிந்திற்று. 'இறைவன் அமுதுசெய்யும் பேறு இழந்தேன்' என அரிவாளைத் தம் கழுத்திற் பூட்டினார். அப்போது நிலவெடிப்பினின்றே திருக்கை நீண்டு அவர் கையைப் பற்றியது. மாவடுக் கடிக்கும் ஓசையும் எழுந்தது.

இவ்வரலாற்றில் இரண்டு குறிக்கொள்ளத்தக்கன. நன்றியைத் தன் உயிரினும் மேலாகக் கொண்ட அடியார் நிலக்கிழாராய் இருந்தபோது மட்டுமின்றிக் கூலியாளாய் நின்றபோதும் அடியாரே என்பது ஒன்று. அவர் அரிவாள் பிடித்த கையே திருக்கை தீண்டப்பெற்ற கை. இறைவன் அமுதேற்ற இடம் கருவறையன்று, வெடித்த வயல் என்பது மற்றொன்று. அந்த இடத்தில் நீட்டப்பட்ட திருக்கை, அறுப்பவரும் எடுப்பவரும் நிற்குமிடத்தே இன்றும் நீண்டுள்ளது எனக் கொள்ளுதல் தகும். நாம் இடுவது அக்கையிற் சேராதாயின், பாணத்தின்மேற் சாத்திய அன்னம் எத்துணை உயரமாயினும் என்?

விளைவுக்கு நன்றி கூறல் எந்நாட்டார்க்கும் உள்ளதே. சப்பான் நாட்டில் கூதிர்காலத்துப் புதுநெல்லைத் தெய்வத்துக்குப் படைக்கும் பழைய விழா நவம்பர் 23-இல் நிகழ்ந்து வந்தது. அந்நாளையே அந்நாட்டார் 1948-இல் உழைப்பாளர்க்கு நன்றி கூறும் பொது விடுமுறையாக அமைத்தனர். தெய்வத்துக்குரிய நாள் உழைப்பவர்க்கு ஆயிற்று என்பர் சிலர். நம் நெறியில் நின்று நோக்குவார்க்கு இரண்டும் இரு நாள் அல்ல. அன்னாபிடேகத்து அன்னம் திருமேனியிற் பட்டும், அவனுக்கென நில்லாது மீனுக்கும் மக்களுக்கும் சென்றமை முற்கூறினோம். மழை கைம்மாறு வேண்டாததுபோல அவனும் நம்மிடத்து ஒன்றும் வேண்டான். வேண்டாதானுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டோம் ஆதலின், அவன் காட்டும் இடத்துக் கொடுப்பதே நாம் செலுத்தக்கூடிய நன்றி.

கொட்டச்சேட்டு அன்பரிடத்துப் பின்னர் நாம் வேண்டிக் கொண்டது ஒன்றே. வரும் ஐப்பசியில் முதற்பந்தி பழமெடுப்பார்க்கும் சாமை குற்றினார்க்கும் ஆகுக. நமக்கு எஞ்சியது போதும். அவர் இசைந்தார். காய்ப்பு நன்றாயிருப்பின் செய்வோம் என்று அவர் கூறவில்லை. காய்த்தாலும் காயாவிடினும் செய்வோம் என்றார். நம் விடையினும் அவ்விடை சிறந்தது.

திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் இவ்விழாக் கொண்டாடும் அன்பர்கள் இதனைத் தத்தம் இடத்திற் சிந்திப்பாராக. போகம் வரினும் வாராதொழியினும் ஊட்டுவான் ஒருவனே. உண்டார் யாவரும் கடனாளரே. அக்கடன் தீர்தற்குரிய இடம் நம் கைக்கெட்டும் தூரத்தில் முக்காடிட்டு நிற்கின்றது.

திருச்சிற்றம்பலம்.